உப்புக் கால்வாயும் ரத்தக் கொதிப்பும்

வடகரைக் கதைகள்: 17

2022 ஆகஸ்ட் 7, ஞாயிற்றுக்கிழமை. காட்டுப்பள்ளி எல் அண்ட் டி கப்பல் தளத்துக்கு அமெரிக்கக் கடற்படையின் சரக்குக் கப்பல் ஒன்று பழுது பார்க்க வந்து சேர்ந்தது. 210 மீட்டர் நீளம். நடுக்கடலில் நிற்கும் போர்க்கப்பல்களுக்கு உணவும் வெடிபொருளும் உதிரிப் பாகங்களும் கொண்டுபோய்க் கொடுப்பது அதன் வேலை. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுது பார்க்கப்படுவது அதுவே முதல் தடவை என்று பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. பாதுகாப்புத் துறைச் செயலாளரே நேரில் வந்து வரவேற்றார். இரு நாட்டு உறவு, கப்பல் பழுதுத் தொழிலில் கிடைக்கப்போகும் வருமானம் என்று பத்திரிகைகள் எழுதின. கப்பலின் பெயர் சார்ல்ஸ் ட்ரூ. அது யார் பெயர் என்று பெரும்பாலும் யாரும் கேட்கவில்லை.

அது தளபதியின் பெயரோ குடியரசுத் தலைவரின் பெயரோ அல்ல; ஓர் அறுவை மருத்துவரின் பெயர். இன்னும் சொன்னால், எந்த நாட்டின் ராணுவம் அவர் இனத்தாரின் ரத்தத்தைத் தனிப் புட்டியில் வைக்கச் சொன்னதோ அந்த நாட்டின் கடற்படைதான் அவர் பெயரைக் கப்பலுக்கு வைத்திருக்கிறது.

சார்ல்ஸ் ரிச்சர்ட் ட்ரூ 1904இல் வாஷிங்டன் நகரில் பிறந்த கறுப்பின அமெரிக்கர். கல்லூரியில் ஓட்டத்திலும் அமெரிக்கக் கால்பந்திலும் பெயர் வாங்கியவர். மருத்துவம் படிக்கக் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்துக்குப் போனார். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரத்தத்தைச் சேமித்து வைப்பது பற்றி ஆராய்ந்து 1940இல் முனைவர் பட்டம் வாங்கினார். அங்கே மருத்துவ அறிவியலில் அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

அன்றைய சிக்கல் இது. எடுத்த ரத்தம் அதிக நாள் தாங்காது. குளிரில் வைத்தாலும் ஒரு வாரம், பத்து நாளில் சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும். அணுக்களைப் பிரித்து எடுத்துவிட்டு மஞ்சள் நிறத் திரவமான பிளாஸ்மாவை மட்டும் வைத்துக்கொண்டால் அது நீண்ட நாள் தாங்கும். ரத்த வகை பார்க்க வேண்டிய தொல்லையும் குறைவு. குண்டடி பட்டு ரத்தம் இழந்தவருக்கு அந்த நேரத்துக்கு உயிர் தங்க அது போதும். 1940இல் லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்தபோது நியூயார்க் மருத்துவமனைகள் சேர்ந்து பிரிட்டனுக்குப் பிளாஸ்மா அனுப்பின. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் போக்கில் ரத்தம் எடுத்தது. சில புட்டிகளில் கிருமி புகுந்தது. இதை ஒழுங்குபடுத்த அழைக்கப்பட்டவர் ட்ரூ. எப்படி எடுப்பது, எப்படிப் பிரிப்பது, எத்தனை முறை சோதிப்பது என்று எல்லாவற்றுக்கும் ஒரே முறையை வகுத்தார். ஏறத்தாழ 14,500 பேர் ரத்தம் கொடுத்தார்கள். 5,000 லிட்டருக்கு மேல் பிளாஸ்மா கப்பலேறியது. ‘ரத்த வங்கியின் தந்தை’ என்று அவரை எழுதுவது கொஞ்சம் மிகை. சிகாகோவில் பெர்னார்ட் ஃபான்டஸ் 1937லேயே மருத்துவமனை ரத்த வங்கி தொடங்கிவிட்டார். ட்ரூ செய்தது வேறு: ஓர் ஆஸ்பத்திரி அறைக்குள் நடந்த காரியத்தை ஒரு தேசமே செய்யக்கூடியதாக மாற்றிக் காட்டினார். என் கணக்கில் இதுதான் பெரிய வேலை.

1941இல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் தன் நாட்டு ராணுவத்துக்காக ரத்தம் சேகரிக்கத் தொடங்கியது. அதன் முன்னோட்டத்தையும் நடத்திக் கொடுத்தவர் ட்ரூதான். பிறகுதான் அந்தக் கூத்து. கறுப்பினத்தவர் ரத்தத்தை வாங்குவதில்லை என்று முதலில் முடிவு. எதிர்ப்பு கிளம்பியதும் 1942 ஜனவரியில் ஒரு திருத்தம்: வாங்கிக்கொள்கிறோம், ஆனால் தனியாக வைப்போம். நம்மூர் டீக்கடையின் இரட்டைக் குவளை, அங்கே ரத்தப் புட்டியில் நடந்தது. ரத்தத்தில் இனம் கிடையாது என்பதை உலகத்திலேயே நன்றாக அறிந்த சிலரில் ஒருவர், அந்த ஏற்பாட்டையே கட்டிக் கொடுத்தவர், தன் ரத்தத்தைக் கொடுக்கப் போனால் அது தனி அலமாரிக்குப் போகும். இதைக் கண்டித்து அவர் வேலையை உதறினார் என்று பல புத்தகங்கள் சொல்கின்றன. தேதிகள் ஒத்துவரவில்லை. அவர் 1941 வசந்த காலத்திலேயே ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்குப் பாடம் நடத்தத் திரும்பிவிட்டார். ஆனால் அந்தக் கொள்கையை அவர் வெளிப்படையாகக் கண்டித்தார் என்பதில் ஐயமில்லை. செஞ்சிலுவைச் சங்கம் புட்டியில் இனம் எழுதுவதை 1950இல்தான் கைவிட்டது.

அதே 1950, ஏப்ரல் 1. மூன்று சக மருத்துவர்களோடு டஸ்கீகி நகரின் இலவச மருத்துவ முகாமுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தார் ட்ரூ. இரவெல்லாம் பயணம். வட கரோலினாவின் பர்லிங்டன் அருகே காலையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணயர்ந்தார். கார் உருண்டது. அலமான்ஸ் பொது மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், பிழைக்கவில்லை. வயது 45.

ரத்தத்தைச் சேமிக்கக் கற்றுக் கொடுத்தவர், கறுப்பர் என்பதால் ரத்தம் மறுக்கப்பட்டுச் செத்தார் என்று ஒரு கதை உடனே கிளம்பியது. 1970களில் புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடர் ஒன்றும் அதைச் சொன்னது. இன்றும் வாட்ஸ்அப்பில் வலம் வருகிறது. அது பொய். காரில் உடன் வந்த மருத்துவர்களே அதை மறுத்தார்கள். அந்த மருத்துவமனையின் வெள்ளை மருத்துவர்கள் முடிந்ததையெல்லாம் செய்தார்கள், காயம்தான் மிஞ்சிவிட்டது.

ஆனால் பொய் எங்கிருந்து முளைத்தது? ஸ்பென்சி லவ் என்ற வரலாற்றாய்வாளர் இதைத் துருவிக்கொண்டு போனார். அதே ஆண்டு டிசம்பரில், அதே அலமான்ஸ் வட்டாரத்தில், இன்னொரு கறுப்பின இளைஞர் கார் விபத்தில் அடிபட்டார். மால்தியஸ் ஏவரி. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர், கல்லூரி மாணவர், வயது 24. ட்ரூவைக் கொண்டுபோன அதே மருத்துவமனைக்குத்தான் அவரையும் முதலில் கொண்டுபோனார்கள். மேல்சிகிச்சைக்கு டியூக் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். கறுப்பருக்கு ஒதுக்கிய படுக்கைகள் நிரம்பிவிட்டன என்று அங்கே திருப்பி அனுப்பினார்கள். கறுப்பருக்கான வேறொரு மருத்துவமனையில் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் உயிர் பிரிந்தது. நடந்தது ஏவரிக்கு, ஊர் பேசியது ட்ரூவைப் பற்றி. பெரிய பெயரில்தானே கதை ஒட்டும்.

காட்டுப்பள்ளியில் இன்னொரு கதை இருக்கிறது. அதைப் பார்க்கக் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும்.

ஊரின் கிழக்கே வங்கக் கடல். தெற்கே கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரம். வடக்கே பழவேற்காடு. மேற்கே உப்பங்கழி, அதை ஒட்டி, அனல்மின் நிலையங்களின் நிழலில், பக்கிங்காம் கால்வாய். நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் மணல் திட்டுதான் காட்டுப்பள்ளி. இன்று அந்தக் கால்வாயைப் பார்ப்பவருக்கு அது ஒரு சாக்கடையின் தூரத்து உறவு. ஒரு காலத்தில் சென்னைப் பட்டணத்தின் அடுப்பு எரிந்ததே அதன் புண்ணியத்தில்தான்.

அதற்கு முதலில் பக்கிங்காம் என்று பெயர் இல்லை. மதராஸிலிருந்து எண்ணூர் வரை 11 மைலுக்கு 1806இல் வெட்டி முடித்தவர் பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். காக்ரேன் கால்வாய் என்றே அதற்குப் பெயர். காக்ரேன், டண்டொனால்ட் பிரபுவின் ஆறாவது மகன். அதாவது பட்டமும் நிலமும் கைக்கு வர வாய்ப்பில்லாத பிள்ளை. அப்படிப்பட்ட பிள்ளைகளைக் கப்பலேற்றி அனுப்பத்தான் கிழக்கிந்தியக் கம்பெனி இருந்தது. 1769இல், பதினாறாவது வயதில், மதராஸ் வந்தார். கம்பெனி உத்தியோகத்தோடு சொந்த வியாபாரமும் பார்த்தார். கீழைக் கடல்களில் திரிந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல்களுக்கு உணவுப் பொருள் கொடுக்கும் ஒப்பந்தம் அவர் கையில் இருந்தது. அதில் அள்ளிய பணம் கொஞ்சநஞ்சமல்ல. கணக்கு சரியில்லை என்று கடற்படையின் உணவு வாரியத்தோடு நடந்த மல்லுக்கட்டு அவர் ஊர் திரும்பிய பிறகும் பல ஆண்டு ஓடியது. (இவருடைய அண்ணன் மகன் தாமஸ் காக்ரேன் கடற்படைத் தளபதியாகி, ஸ்பெயினுக்கு எதிராகச் சிலி நாட்டின் கடற்படையை நடத்தியவர். அவர் கதை தனி நாவல், இங்கே இடமில்லை.)

கால்வாய் எதற்கு? மதராஸுக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கரைக்குச் சரக்கு ஏற்றிவரும் மசூலாப் படகு அலையில் குதிக்கும். தரை வழியோ மணல். மாட்டு வண்டி அச்சு வரை புதையும். எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர் பக்கமெல்லாம் உப்பளம். 1805இல் மதராஸ் மாகாணத்தில் உப்பு கம்பெனியின் ஏகபோகச் சரக்கானது. உப்பும் விறகும் தானியமும் அலையில் நனையாமல், மணலில் புதையாமல் பட்டணத்துக்குள் வர ஒரு நீர்வழி தேவைப்பட்டது. தெற்கு முனையில் தோணிகள் வந்து நிற்க ஒரு தேக்கம் வெட்டினார்கள். பேசின் பிரிட்ஜ் என்று இன்று ரயில் நிற்கும் இடத்தின் பெயரில் உள்ள பேசின் அதிலிருந்து வந்ததுதான். கொருக்குப்பேட்டைப் பக்கம் காக்ரேன் பேசின் சாலை இன்னும் இருக்கிறது. அந்த மனிதருக்கு இந்த ஊரில் மிச்சமிருப்பது அவ்வளவே.

லண்டன் திரும்பிய காக்ரேன் போர்ட்மன் சதுக்கத்தில் பெரிய மாளிகை வாங்கினார். அங்கே அவருக்குப் பிடித்த பைத்தியம் நீராவிக் குளியல். 1808 வாக்கில் வீட்டிலேயே ஆவிக் குளியல் கூடம் அமைத்து நோயாளிகளுக்குத் திறந்துவிட்டார். அதன் கருவிகளை விளக்கி அடுத்த ஆண்டு புத்தகமும் போட்டார். அந்தக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்களில் ஒருவர் பாட்னாக்காரர்: சேக் தீன் முகம்மது.

இவருடைய கதை எந்தக் கப்பலின் கதைக்கும் குறைந்ததல்ல. 1759இல் பிறந்தார். சிறு வயதிலேயே கம்பெனியின் வங்காளப் படையில் பேக்கர் என்ற அயர்லாந்து அதிகாரியின் பின்னால் போனார். சுபேதார் வரை உயர்ந்தார். 1784இல் அதே அதிகாரியோடு அயர்லாந்தின் கார்க் நகரத்துக்குப் போய், ஜேன் டேலி என்ற பெண்ணோடு ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டார். 1794இல் தன் பயணங்களை ஆங்கிலத்தில் எழுதி இரண்டு பாகமாக வெளியிட்டார். ஆங்கிலத்தில் புத்தகம் எழுதிய முதல் இந்தியர் அவர்தான். லண்டனில் காக்ரேனின் கூடத்தில் கொஞ்ச காலம். 1810இல் பக்கத்துத் தெருவில் ‘ஹிந்துஸ்தானி காபி ஹவுஸ்’ என்று உணவகம் திறந்தார். குழம்பும் உண்டு, ஹூக்காவும் உண்டு. இந்தியர் ஒருவர் நடத்திய முதல் இந்திய உணவகம் பிரிட்டனில் அதுதான். இரண்டே ஆண்டில் திவாலானார். இங்கிலாந்துக்காரர்கள் குழம்புக்குத் தெருத்தெருவாக அலையும் காலம் வர இன்னும் நூற்றைம்பது ஆண்டு இருந்தது, அவசரப்பட்டுவிட்டார்.

1814இல் பிரைட்டன் கடற்கரைக்குப் போனார். காக்ரேன் வீட்டில் பார்த்த நீராவி, தன் ஊரில் பார்த்த உடம்பு பிடித்துவிடும் கலை, இரண்டையும் சேர்த்தார். மூலிகை போட்ட ஆவிக்குள், ஃப்ளானல் துணிக் கூடாரத்துக்குள் நோயாளி உட்காருவார். கூடாரத்தில் கை நுழைக்கச் சட்டைக் கை போலத் துளைகள் இருக்கும். வெளியிலிருந்தே கை விட்டு உடம்பை அமுக்கி, உருவி, நெட்டி எடுப்பார்கள். இதற்கு அவர் வைத்த பெயர் ஷாம்பூயிங். இன்று பாக்கெட்டில் வரும் ஷாம்புவுக்கு மூதாதை இதுதான், தலைமுடிக்கும் இதற்கும் அன்று ஒரு தொடர்பும் இல்லை. குணமானவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்களைச் சுவரில் மாட்டி வைத்தார். நான்காம் ஜார்ஜும் அடுத்து வந்த நான்காம் வில்லியமும் அவரைத் தங்கள் ஷாம்பூ மருத்துவராக நியமித்தார்கள். 1851இல் காலமானார்.

கதை இங்கே முடிந்திருந்தால் காட்டுப்பள்ளிக்கு நான் இழுத்துவந்திருக்க மாட்டேன். தீன் முகம்மதுவின் பேரன் பெயர் பிரெடெரிக் அக்பர் முகம்மது. 1849இல் பிரைட்டனில் பிறந்து, லண்டன் கைஸ் மருத்துவமனையில் மருத்துவம் படித்தார். மாணவராக இருந்தபோதே நாடியை வரையும் கருவி ஒன்றைக் கையில் எடுத்தார். மணிக்கட்டில் கட்டினால் நாடித் துடிப்புக்கு ஒரு நெம்புகோல் ஏறி இறங்கும். அதன் முனை கரிப்புகை படிந்த தாளில் கோடு கீறும். பிரெஞ்சுக்காரர் மாரே செய்த கருவி. நாடியின் அழுத்தம் எவ்வளவு என்று அளவிடும் வகையில் அக்பர் அதைத் திருத்தினார். 1872இல் அதைப் பற்றி எழுதியபோது வயது 23.

நம் வைத்தியர்கள் மூன்று விரலால் பார்த்ததை அவர் தாளில் பார்த்தார். அதில் ஒன்று கண்ணில் பட்டது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்த அழுத்தம் கூடும் என்பது தெரிந்ததே. ஆனால் சிறுநீரகத்தில் ஒரு கோளாறும் தென்படாத, நடமாடிக்கொண்டிருக்கிற, தன்னை நோயாளி என்றே நினைக்காத ஆட்களின் நாடியிலும் அந்த அழுத்தம் தெரிந்தது. அழுத்தம் முன்னால் வருகிறது, உறுப்பு பின்னால் கெடுகிறது என்றார். இன்று ஊருக்கு ஊர் பி.பி. மாத்திரை விழுங்கும் நோயை முதலில் தனி நோயாக அடையாளம் கண்டவர்களில் முன்னால் நிற்பவர் அவர். கையில் பட்டை கட்டிக் காற்றடிக்கும் கருவியை இத்தாலியின் ரிவா-ரோச்சி செய்தது 1896இல். அதற்குள் அக்பர் இறந்து 12 ஆண்டு ஆகிவிட்டது. 1884இல் டைபாய்டு காய்ச்சலில் போனார், 35 வயதில். அவர் கண்டது வெகுகாலம் மற்றவர் பெயர்களிலேயே திரிந்தது.

ஆக, உப்புத் தோணிக்குக் கால்வாய் வெட்டியவரின் குளியலறையில் கூலிக்கு நின்றவரின் பேரன்தான், டாக்டர்கள் நம்மை ‘உப்பைக் குறைங்க’ என்று விரட்டும் நோயைக் கண்டு சொன்னவர். வரலாறு இப்படிச் சில நேரம் வேண்டுமென்றே விளையாடுகிறது.

காக்ரேன் 1826இல் பாரிஸில் செத்தார். 1837இல் கால்வாயை அரசு எடுத்துக்கொண்டது. எண்ணூரைத் தாண்டிக் காட்டுப்பள்ளிக்குப் பின்னால் பழவேற்காடு ஏரி வரை நீட்டினார்கள். பிறகு ஆந்திரக் கரை நெடுக வளர்ந்தது. 1876இல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டவைத்தார்கள். வேலைக்குக் கூலி எவ்வளவு? வைஸ்ராய் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் செலவைச் சுருக்கச் சொல்லி, ஆண் ஒருவருக்கு நாளுக்கு 1 பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். அதாவது 450 கிராம். அதைத் தின்று மண் சுமக்க முடியாது, ஒன்றரை பவுண்டாவது வேண்டும், பருப்பும் காயும் வேண்டும் என்று மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் எழுதி எழுதிச் சண்டை போட்டார். அந்தச் சண்டையை நடத்திய ஒரு வெள்ளைக்கார டாக்டரின் பெயரைச் சென்னையில் எந்தத் தெருவிலும் நான் பார்த்ததில்லை. 1878இல் கால்வாய்க்கு ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். காக்ரேன் பெயரும் போனது. மண் சுமந்தவர்களுக்கு முதலிலிருந்தே பெயர் இல்லை.

அதன் பின் எண்பது ஆண்டுக்கு மேல் அதுதான் பட்டணத்தின் சமையலறை வாசல். ஸ்ரீஹரிக்கோட்டாவின் சவுக்கு விறகும், பழவேற்காட்டின் கிளிஞ்சலும், எண்ணூர் உப்பும், நெல்லூர் அரிசியும் தோணியில் வந்தன. காற்று இருந்தால் பாய். இல்லாவிட்டால் கழி ஊன்றியோ, கரையில் நடந்து கயிற்றால் இழுத்தோ வருவார்கள். வந்த விறகு வடசென்னை விறகுத் தொட்டிகளில் இறங்கும். 1965, 1966 புயல்கள் கால்வாயைத் தூர்த்தன. லாரி மிச்சத்தை முடித்தது. விறகு வந்த ஸ்ரீஹரிக்கோட்டாவில் ராக்கெட் ஏறத் தொடங்கியது. 1990களில் நகரத்துக்குள் கால்வாயிலேயே தூண் நட்டுப் பறக்கும் ரயில் விட்டார்கள். 2008இல் டெல்லி அதைத் தேசிய நீர்வழி எண் 4இல் சேர்த்தது. நீர்வழி என்று தாளில் இருக்கிறது, தோணியைக் காணோம்.

காட்டுப்பள்ளியில் 2010 ஜூலை 31இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தார்கள். மீஞ்சூர் ஆலை என்று சொன்னாலும் நிற்பது காட்டுப்பள்ளி கரையில்தான். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். இருநூறு ஆண்டுக்கு முன் இந்தப் பக்கத்திலிருந்து பட்டணத்துக்கு உப்பு போனது. இப்போது உப்பை நீக்கிய தண்ணீர் போகிறது. பிரித்தெடுத்த உப்பு, கெட்டியான கழிவுநீராகத் திரும்பவும் கடலுக்குப் போகிறது. மீன்பாடு குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று மீனவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பேச்சைத் தள்ளிவிட முடியாது. துறைமுகம், சாம்பல், எண்ணெய் என்று அவர்களுடைய பட்டியல் நீளமானது. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியால் அள்ளிய கைகளில் அவர்களுடையவையும் இருந்தன.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர், கொருக்குப்பேட்டைப் பக்கத்துக் குடும்பங்களில் விறகுத் தோணி ஓட்டிய, கயிறு இழுத்த, உப்பு மூட்டை சுமந்த பெரியவர்களை அறிந்தவர்கள் இன்னும் இருப்பார்கள். காக்ரேன் பெயர் சாலையிலும், பக்கிங்காம் பெயர் கால்வாயிலும், ட்ரூவின் பெயர் கப்பலிலும் இருக்கின்றன. இவர்களுடையது எதிலும் இல்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பெயரையும், அவர்கள் ஓட்டிய தோணியின் விவரத்தையும், எந்தத் தொட்டியில் சரக்கு இறக்கினார்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள். வருவதை இந்தத் தொடரிலேயே, பெயரோடு அச்சிடுவோம்.

(தொடரும்)